துருப்பிடித்த சில்லுக் கம்பி: ஒட்டுப்போடுவதா, கட்டுவதா, புதுச் சில்லா?

மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கினால், நம்மூர் மட்டக்களப்பில் சைக்கிள் திருத்துகிறவர்களின் கொட்டில்களுக்கு முன்னால் சில்லுகள் வரிசையாகச் சாத்தப்பட்டிருக்கும். ரயர் நல்லாயிருக்கும். ரிம்மும் பார்வைக்குக் குறையில்லை. கம்பிகள் மட்டும் தொட்டால் கையில் செம்மண் அப்பும். இந்த மாதத்துக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள்: காத்தான்குடியில் சைக்கிளில் மீன் விற்கும் ஒரு நானா, குருக்கள்மடத்தில் இருந்து துறை கடந்து அம்பிளாந்துறைப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஒரு ரீச்சர், பிறகு என் மச்சான். அறுந்த கம்பியை மட்டும் போட்டால் போதுமா, எல்லாவற்றையும் மாற்றிக் கட்டுவதா, கட்டின புதுச் சில்லே வாங்கிவிடுவதா?

மூன்று பேருக்கும் மூன்று விடை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரிப்பு. ஆனால் மூன்றும் சரியான விடைதான்.

நான் சைக்கிள் திருத்துகிறவன் இல்லை. வீடு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. அப்பாவின் 28 அங்குல ராலிச் சைக்கிளில்தான் இன்றைக்கும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறேன். அதன் பின் சில்லை இரண்டு தரம் கட்டியாயிற்று. இரண்டாம் தரம் கட்டியது, முதல் தரம் எடுத்த பிழையான முடிவுக்குக் கட்டின தண்டம்.

## கம்பி ஏன் அறுகிறது

சில்லுக் கம்பியின் வேலை இழுத்துப் பிடிப்பது. எல்லாக் கம்பியும் இறுகி நிற்கும்போது, நிலத்தைத் தொடும் பக்கத்துக் கம்பிகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் பழையபடி இறுகும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு கம்பியும் 450 தரம் அளவில் தளர்ந்து இறுகுகிறது. நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 4500 தரம். இந்த அலைச்சல் முழுக்கச் சேரும் இடம், சில்லின் நடுவில் அச்சைச் சுற்றிச் சுழலும் ஹப்புக்குள் கம்பி நுழைந்து வளையும் கொக்கி. அதனால்தான் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அறுகிறது. அதுவும் பின் சில்லில், சங்கிலி ஓடும் பல்சக்கரமான பிறீவீல் இருக்கும் வலப்பக்கத்தில்.

நல்ல கம்பி இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்யும். துரு அரித்த கம்பியில் சின்னச் சின்னக் குழி விழும். அலைச்சல் அந்தக் குழியில் இருந்து வெடிப்பைத் தொடங்கி வைக்கும். உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். மழை விட்டாலும், வெயில் அடித்தாலும், உப்புப் படிந்த கம்பி இராத்திரியில் மறுபடி ஈரமாகும். 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பையே உப்புக் காற்று தின்கிறது. 2 மில்லிமீட்டர்க் கம்பி அதற்கு எம்மட்டு!

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் கடல் தூரம்தானே என்று ஆறுதல்பட வேண்டாம். அங்கே உரப்பை இருக்கிறது. பொட்டாசியம் குளோரைட் உரமும் கடலுப்பைப் போல ஒரு குளோரைட்தான். பின் கரியரில் கட்டிய பையில் இருந்து சிந்தும் தூள் நேராகக் கம்பியில் விழும்.

## விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

பலர் கம்பியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கம்பி எப்படியும் போகப்போகிற பொருள். பார்க்க வேண்டியது ஹப்பையும் ரிம்மையும். அவை இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

துருவின் நிலை. நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியில் முதலில் வருவது வெள்ளைப் பொடி. அது நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிற கட்டம். கழுவித் துடைத்து எண்ணெய்த் துணி போட்டால் இன்னும் ஓடும். அடுத்தது சிவப்புத் தூள். சீலையால் தேய்த்துப் பாருங்கள்: தூள் போய்க் கம்பி வழுவழுப்பாக இருந்தால் பயமில்லை. நகம் தட்டுப்பட்டுச் சொரசொரத்தால், செதில் செதிலாக உரிந்தால், அந்தக் கம்பிக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கறுத்துத் தொடும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தண்ணீர் தங்குவது அங்கேதான்.

ரிம். ரயரையும் ரியூப்பையும் கழற்றி, உள்ளே கிடக்கும் ரிம் பட்டியை உரித்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெளியில் நிக்கல் மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே, கம்பியின் முனையை ரிம்மோடு இறுக்கும் சின்ன மரைமூடியான நிப்பிள் உட்காரும் குழிகள் இற்றுப்போயிருக்கும். ஒரு ஆணி முனையால் குத்தினால் பொருக்கு விழுகிறதென்றால் அந்த ரிம் முடிந்தது. ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடித்திருந்தாலும் அப்படித்தான்.

ஹப். சில்லைக் கழற்றி அச்சை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போலக் கையில் தெரிந்தால் உள்ளே உருளும் குண்டுகளான போல்ஸும் அவற்றை அணைத்துப் பிடிக்கும் கோனும் போயிருக்கலாம். அவை மாற்றக்கூடியவை. போல்ஸ் உருளும் உள்கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால்தான் கதை முடிவு. கம்பி நுழையும் ஓட்டைகள் நீண்டு இழுபட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஓட்டைகளின் எண்ணிக்கை. இதை ஒருவரும் கேட்பதில்லை, கடைசியில் இதிலேயே மாட்டுகிறார்கள். பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களிலும் அந்த அச்சில் செய்த இந்தியச் சைக்கிள்களிலும் முன் சில்லுக்கு 32, பின் சில்லுக்கு 40 கம்பி. இப்போதைய சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னும் பின்னும் 36. 40 ஓட்டை ஹப்புக்கு 36 ஓட்டை ரிம் பொருந்தாது.

பாரமும் நாளும். என்ன ஏற்றுகிறீர்கள்? சில்லு இல்லாமல் எத்தனை நாள் தாங்குவீர்கள்? நாட்சம்பளக்காரருக்குச் சைக்கிள் இரண்டு நாள் கொட்டிலில் கிடந்தால், கம்பியில் மிச்சம் பிடித்த காசு அந்த இரண்டு நாளில் போய்விடும்.

விலைகளை நான் எழுதவில்லை. இந்த மாதம் எழுதியது அடுத்த மாதம் பொய்யாகிவிடும். கடையில் நான்கு விலை கேளுங்கள்: ஒரு சாதாரணக் கம்பி, ஒரு ஸ்ரெயின்லெஸ் கம்பி, வெறும் ரிம், கட்டின சில்லு. அதோடு கட்டுகூலி. இந்த ஐந்து எண்ணும் கையில் இருந்தால் கீழே சொல்வதை உங்கள் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

## வழி ஒன்று: அறுந்த கம்பியை மட்டும் மாற்றுவது

என் மச்சானுக்குச் சொன்னது இதுதான். அவனுடையது 26 அங்குல மலைச்சைக்கிள், அலுமினிய ரிம். பின் கரியரில் இருந்து நழுவின தடி சில்லுக்குள் போய் ஒரு கம்பியை முறித்துவிட்டது. மற்றக் கம்பிகளில் வெள்ளைப் பொடிக்கு மேல் ஒன்றுமில்லை. காரணம் தெரிந்த முறிவு, ஒரே ஒரு கம்பி. மாற்றி நெளிவு எடுத்தால் சரி.

கவனிக்க வேண்டியது, கம்பி தானாக அறுந்ததா என்பது. பள்ளமும் இல்லை, தடியும் இல்லை, சும்மா போய்க்கொண்டிருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். பிறகு ரிம் பிறேக் கட்டையில் உரசுகிறது. அப்படியென்றால் மற்றக் கம்பிகளும் அதே தூரம் ஓடியவை, அதே உப்பைக் குடித்தவை. ஒன்றைப் போட்டுவிட்டு வந்தால் அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டாவது கம்பி தானாக அறுந்தால் இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. அறுந்தது வலப்பக்கக் கம்பி என்றால் பிறீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பி ஏறாது. ஆக ஒரு கம்பிக்கும் பிறீவீல் கழற்றும் கூலி. இரண்டாவது பெரிய தலையிடி: நெளிவு எடுக்கப் பக்கத்து நிப்பிள்களைத் திருக வேண்டும். துருவில் இறுகின நிப்பிள் திருகாது; கம்பியும் சேர்ந்து முறுகும். இன்னும் பலம் கொடுத்தால் அதுவும் அறும். ஒன்றைத் திருத்தக் கொண்டுபோய் நான்காக முறிந்து வந்த சில்லை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இராத்திரியே ஒவ்வொரு நிப்பிளிலும், கம்பி நுழையும் வாயில், மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஒரு துளி விட்டு வைத்துக் கொண்டுபோங்கள். பாதி நிப்பிளாவது இளகும்.

## வழி இரண்டு: பழைய ரிம், பழைய ஹப், கம்பி மட்டும் முழுக்கப் புதிது

ரீச்சரின் சைக்கிள் இதற்குப் பொருத்தம். ரிம் உள்ளும் புறமும் நல்லது, ஹப்புக்குப் புது போல்ஸும் கிறீஸும் போட்டால் போதும், கம்பிகள் மட்டும் செதில் உரிகின்றன. வாவிக் கரைக் காற்றும் துறையில் தெறிக்கும் தண்ணீரும் தின்றது அந்தக் கம்பிகளைத்தான்.

எந்தக் கம்பி என்பதே இந்த வழியின் உயிர்நாடி. நான் தவறு விட்டதும் இங்கேதான். ஆரையம்பதியில் ரோட்டோரம் சில்லுக் கட்டுகிற ஒரு வயசாளி இருக்கிறார். எனக்கு மாமா முறை. முதல் தரம் கொண்டுபோனபோது கடையில் வாங்கின சாதாரணக் கம்பிக் கட்டை நீட்டினேன். வாங்கி, ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மனே, என்ட கூலி எந்தக் கம்பிக்கும் ஒண்டுதான். இத நீ மறுகாவும் கொண்டருவாய்.”

கேட்டேனா? நாற்பது கம்பிக்கும் விலை வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றேன். மூன்றாவது மாரியில் முதலாவது கம்பி அறுந்தது. அதற்கடுத்த சித்திரைக்குள் ஐந்து. மறுபடி நாற்பது கம்பி, மறுபடி முழுக் கூலி.

கணக்கு இப்படி. சாதாரணக் கம்பியில் மிச்சம் பிடிப்பது விலை வித்தியாசம் பெருக்கல் நாற்பது. ஆனால் சீக்கிரம் திரும்பக் கட்டினால் கம்பி விலையும் கூலியும் முழுதாக இன்னொரு தரம். கடலுக்கோ வாவிக்கோ கிட்ட இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் சாதாரணக் கம்பிக்குச் சாதகமாக வராது. மழையில் நனையாத, வீட்டுக்குள் நிற்கிற, கிழமையில் ஒரு நாள் ஓடுகிற சைக்கிளுக்கு வேண்டுமானால் வரும்.

ஸ்ரெயின்லெஸ் என்று சொல்லி வேறு எதையாவது தந்துவிடுவார்களோ என்ற பயம் உண்டு. ஒரு காந்தம் கொண்டுபோங்கள். சாதாரண இரும்புக் கம்பியை அது சட்டென்று கவ்வும். ஸ்ரெயின்லெஸ் கம்பியை லேசாக இழுக்கலாம், கவ்வாது. இழுத்து மெலிப்பித்த கம்பி என்பதால் கொஞ்சம் இழுப்பது வழமை, அதற்காகப் போலி என்று சண்டை பிடிக்க வேண்டாம். மினுமினுப்பை நம்பவே கூடாது. குரோம் பூசிய இரும்புக் கம்பிதான் கடையில் எல்லாவற்றிலும் அதிகம் மினுங்கும். பூச்சு வெடித்த இடத்தால் துரு உள்ளே போகும். ஸ்ரெயின்லெஸ் கம்பியிலும் கடற்கரையில் தேத்தண்ணிக் கறை போல ஒரு பழுப்பு வரும். அது மேல் கறை, துடைத்தால் போகும்.

தடிப்பு: கடைக்காரர் 14, 13, 12 என்று இலக்கம் சொல்வார். இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 14 என்பது 2 மில்லிமீட்டர், 13 என்பது 2.3, 12 என்பது 2.6. தடிச்சது நல்லதுதானே என்று வாங்கிவிட்டு ஹப் ஓட்டையில் நுழையவில்லை என்று நிற்காதீர்கள். நீளத்துக்கு, பழைய சில்லில் இருந்து இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கம்பி கழற்றிக்கொண்டு போவதுதான் வழி. கொக்கியின் உள்வளைவில் இருந்து மரை முடியும் வரை அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் முனை நிப்பிளைத் தாண்டி ரியூப்பைக் குத்தும். குறைந்தால் மரை போதாமல் நிப்பிள் தலை கழரும். நிப்பிள் எப்போதும் புதிது, அதுவும் பித்தளை. அலுமினிய நிப்பிள் உப்புக் காற்றில் கம்பியோடு சேர்ந்து வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பின் சில்லில் கம்பிகளை வெட்டித் தள்ளுவதற்கு முன் பிறீவீலைக் கழற்றிவிட வேண்டும். ரிம் இருக்கும்போது இரண்டு கையால் பிடித்துத் திருகப் பலம் கிடைக்கும். கம்பியை வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது உள்ளங்கை அளவு ஹப். பிறீவீல் அசையாது, நல்ல ஹப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான். வெட்டுவதென்றாலும் முதலில் எல்லா நிப்பிளையும் முடிந்த அளவு தளர்த்தி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி வெட்டுங்கள். நன்றாகக் கட்டின சில்லில் ஒரு கம்பி நூறு கிலோ அளவு இழுவையில் நிற்கும். அப்படியே வெட்டினால் துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

மாமா கட்டுவதை ஒரு முழுப் பின்னேரம் குந்தியிருந்து பார்த்தேன். கம்பிகளைப் பத்துப் பத்தாக நான்கு பங்கு வைத்துக்கொண்டார். 36 என்றால் ஒன்பது ஒன்பது. முதல் பங்கின் முதற் கம்பி காற்றடிக்கும் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில். மற்றவை நான்கு ஓட்டைக்கு ஒன்றாக. அந்த முதற் கம்பி ஒரு ஓட்டை தவறினால், கடைசியில் வால்வுக்கு மேலே கம்பிகள் குறுக்காக வந்து பம்பின் வாய் நுழைய இடம் இராது. பழைய கம்பி ஹப்பில் எந்தத் திசையில் தடம் பதித்திருந்ததோ, புதுக் கம்பியையும் அதே திசையில் படுக்க வைத்தார். புதுத் தடம் விழுந்தால் அந்த ஓட்டை வெடிக்கும் என்றார். ஒவ்வொரு மரையையும் கிறீஸில் தொட்டுத்தான் நிப்பிளுக்குள் விட்டார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைத் தாங்கும் கவட்டில் ஒரு சோக்கட்டியைப் பிடித்துச் சில்லைச் சுற்ற, நெளிந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோடு முழு வட்டமாகும் வரை திருகினார். கடைசியில் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி நெரித்தார். ‘கிறீச், டிக்’ என்று சத்தம் போட்டபடி கம்பிகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. இது செய்யாத சில்லுதான் முதல் கிழமையே நெளிகிறது.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு மூன்று நாள் சைக்கிள் இல்லை. ஒரு கிழமை ஓடிய பிறகு மறுபடி இறுக்க ஒரு தரம் போக வேண்டும். நல்ல ஆள் கூலி வாங்கமாட்டார், ஆனாலும் அரை நாள் போகும்.

## வழி மூன்று: ஹப் பழையது, ரிம்மும் கம்பியும் புதிது

என் ராலிக்கு இரண்டாம் தரம் செய்தது இது. பட்டியை உரித்தபோது ரிம்மின் உள்வாய் பிஸ்கட் போல உதிர்ந்தது. ஹப் மட்டும் அப்பாவின் காலத்து இரும்பு. எண்ணெய் விடும் ஓட்டையோடு, கிண்ணத்தில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

செலவில் இதுதான் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஹப் உண்மையிலேயே நல்லதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். தகட்டை வளைத்துச் செய்த மலிவு ஹப்புக்குப் புது ரிம்மும் ஸ்ரெயின்லெஸ் கம்பியும் போடுவது ஓலைக் குடிசைக்குத் தேக்கு நிலை வைத்த கதை.

ரிம் வாங்கும்போது பிறேக்கைப் பாருங்கள். பழைய சைக்கிள்களின், இரும்புத் தண்டால் இழுபடும் றொட் பிறேக் ரிம்மின் உள்வட்டத்தில், அச்சைப் பார்த்த பக்கத்தில் அழுத்தும். மற்றப் பிறேக்குகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்கும். இரண்டுக்கும் ரிம் வேறு. மாறி வாங்கினால் பிறேக்கையும் மாற்ற வேண்டி வரும். அங்கே இன்னொரு செலவு முளைக்கும். பக்கவாட்டுப் பிறேக் இருக்கிறவர்கள் அலுமினிய ரிம் கிடைத்தால் எடுங்கள். மழையில் நிக்கல் பூசிய இரும்பு ரிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். அலுமினியத்தில் அதைவிட நன்றாகப் பிடிக்கும். கார்த்திகை மாதத்துப் பின்னேரங்களில் அந்த வித்தியாசம் கையில் தெரியும். புது ரிம்மின் ஆழம் பழையதில் இருந்து வேறுபடுவதால் பழைய கம்பி நீளம் சரிவராது என்பதையும் மறக்க வேண்டாம். ரிம்மை முதலில் வாங்கி, கட்டுகிறவரிடம் காட்டி அளந்த பிறகே கம்பி.

## வழி நான்கு: கட்டின புதுச் சில்லு

நானாவுக்கு இதைத்தான் சொன்னேன். அவருடைய பின் சில்லைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மீன்பெட்டிக்குள் ஐஸ் கரைந்து, உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர் காலை முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஹப்பின் மேலேயே விழுகிறது. கம்பி, ரிம், ஹப் மூன்றும் போய்விட்டன. கட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

“ரெண்டு நாள் யாவாரம் நிண்டா ஊட்ல உல கொதிக்காது தம்பி” என்றார். அதுவும் ஒரு அளவுகோல்தான். காலையில் வாங்கி மத்தியானத்துக்குள் பூட்டிவிடலாம் என்பது கட்டின சில்லின் பெரிய பலம். பிள்ளைகளின் சைக்கிளுக்கும், மலிவு ஹப் உள்ள சைக்கிளுக்கும் இதுவே புத்தி.

ஆனால் கடையில் தொங்கும் சில்லு முடிந்த பொருள் என்று நினைக்காதீர்கள். நான் தட்டிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் கம்பிகள் தளர்வு. ஹப்பில் கிறீஸ் பொட்டளவு. வாங்கின அன்றே திருத்துகிறவரிடம் கொண்டுபோய், அச்சைத் திறந்து கிறீஸ் வைத்து, கம்பிகளை இறுக்கி நெளிவு எடுத்த பிறகு ஓடுங்கள். இந்தக் கூலியையும் சில்லின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். அதில் இருக்கும் கம்பி பெரும்பாலும் சாதாரணக் கம்பி என்பதும் கணக்கில் வரட்டும்.

அளவில் ஏமாறுகிறவர்கள் பலர். 26 அங்குலம் என்று சொன்னால் போதாது. 26 × 1⅜ என்று போட்ட ரயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச்சைக்கிளின் 26 அங்குல ரிம் 559. ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. 28 × 1½ என்றால் 635. ரயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். பின் கவட்டின் அகலமும் ஒன்றல்ல: கியர் இல்லாத பழைய சைக்கிளில் 110 முதல் 120 மில்லிமீட்டர், கியர் மலைச்சைக்கிளில் 135 வரை.

நானாவுக்கு ஒன்று கூடுதலாகச் சொன்னேன். பெட்டிக்குக் கீழே ஒரு துண்டு ரெக்சின் சீலை கட்டித் தண்ணீரைப் பக்கத்தால் வடியவிடுங்கள், வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றுங்கள் என்று. சீலை கட்டியிருக்கிறார். வாளி பற்றித் தெரியாது.

## வழி ஐந்து: பழைய இரும்புக்காரரிடம் ஒரு சில்லு

2022 இல் எரிபொருள் இல்லாத நாட்களில், கோடிப்புறத்தில் சாத்தியிருந்த சைக்கிளை எல்லாம் ஆட்கள் இழுத்தெடுத்தார்கள். சைக்கிளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் விலை ஏறியது. அப்போது பழைய சில்லு வாங்கி ஓடினவர்கள் உண்டு. நல்ல ஹப் ஒன்றைத் தேடுகிறவருக்கு இது தங்கச் சுரங்கம். சில்லாகவே பூட்டி ஓட என்றால் வேண்டாம்; உங்கள் துருவைக் கொடுத்து இன்னொருவர் துருவை வாங்குவது அது.

## ஒரே பார்வையில்

| | எப்போது சரி | எப்போது வேண்டாம் | கேட்காத செலவு |
|---|---|---|---|
| அறுந்த கம்பி மட்டும் | ஒன்று, அடிபட்டு முறிந்தது | தானாக இரண்டாவது அறுந்தால் | பிறீவீல் கழற்றல், பக்கத்துக் கம்பி முறிவு |
| முழுக் கம்பியும் | ரிம், ஹப் இரண்டும் நல்லது | ரிம்மின் உள்வாய் உதிர்ந்தால் | இரண்டு மூன்று நாள், மறு இறுக்கம் |
| ரிம்மும் கம்பியும் | ஹப் மிக நல்லது | மலிவு ஹப் | பிறேக் பொருத்தம், புதுக் கம்பி அளவு |
| கட்டின சில்லு | மூன்றும் போனது, அவசரம் | 40 ஓட்டை நல்ல ஹப் கையில் இருந்தால் | கிறீஸ், இறுக்கும் கூலி, அளவு மாறல் |

## நாமே கட்டலாமா

கட்டலாம். முன் சில்லில் தொடங்குங்கள். பிறீவீல் இல்லை, இரண்டு பக்கக் கம்பியும் ஒரே நீளம். நிப்பிள் திருகும் சாவி ஒன்று, சோக்கட்டி ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய சில்லைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் படம் பிடித்து வையுங்கள், கம்பி எதற்கு மேலால் எதற்குக் கீழால் போகிறது என்று தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். என் முதல் முயற்சியில் சில்லு வட்டமாக வந்தது, வால்வுக்கு மேலே கம்பி குறுக்கறுத்துவிட்டது. பம்ப் பூட்ட முடியாமல் எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

இதை எழுதத் தொடங்கும் முன் ராலியின் முன் சில்லைத் தூக்கி, 32 கம்பியையும் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். முப்பது மணி போலக் கேட்டன. இரண்டு மந்தம். துடைத்துப் பார்த்தால் இரண்டிலும் துருக்குழி இல்லை, நிப்பிள்தான் தளர்ந்திருக்கிறது. இராத்திரியே எண்ணெய்த் துளி விட்டுவிட்டேன். நாளைக்குக் கால் சுற்றுத் திருகிப் பார்க்க வேண்டும்.